சர்க்கரை மாத்திரையும் பிற மருந்துகளும்: ஒன்றையொன்று பாதிக்கின்றனவா என்று எப்படிச் சோதிப்பது?

ஆலங்குளத்து மகன்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மா நெடுங்காலம் பீடி சுற்றியவர். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுத்து வருகிறார். இந்த ஆண்டு நுரையீரல் காசநோய் கண்டறியப்பட்டு, அரசுத் திட்டத்தின்கீழ் ஆறு மாதச் சிகிச்சை தொடங்கியது. அந்த மாத்திரைகளை விழுங்கத் தொடங்கிய சில வாரங்களில் சர்க்கரை கட்டுக்கு அடங்காமல் ஏறியதால், ஒரு மில்லிகிராமாக இருந்த கிளிமிபிரைடை மருத்துவர் படிப்படியாக மூன்று மில்லிகிராம் ஆக்கினார். அதன்பின் ஓரளவு சீராக இருக்கிறது.

இந்த மாத இறுதியில் காசநோய் மாத்திரைகள் முடிகின்றன. அம்மாவின் மருந்துகள் ஒன்றையொன்று பாதிக்கின்றனவா என்று இரத்தப் பரிசோதனை நிலையத்தில் கேட்டபோது, அப்படி ஒரு சோதனையே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் இதை யார், எங்கே, எவ்வாறு சோதிக்கிறார்கள்? நோயாளியின் வீட்டில் நாங்கள் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா? பக்கத்து வீட்டு ஆச்சி அன்போடு சிறுகுறிஞ்சான் பொடியும் கொடுத்து வருகிறார். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

பாளை மருந்தாளுநர்

தம்பி, உங்கள் கேள்வியில் மிக முக்கியமான பகுதி, மாத்திரைகள் முடியப்போகின்றன என்பதுதான். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

காசநோய் மருந்துகளில் ரிஃபாம்பிசின் என்பது ஒன்று. சிறுநீரைச் செம்மஞ்சளாக்குவது அதுதான். கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளின் அளவை அது பெருக்குகிறது. அறுவடைக்கு ஆள் கூட்டினால் வயல் சீக்கிரம் காலியாவதைப் போல, நொதிகள் பெருகியதும் கிளிமிபிரைடு விரைவாகச் சிதைந்து இரத்தத்திலிருந்து வெளியேறிவிடுகிறது. தன்னார்வலர்களிடம் அளந்து பார்த்தபோது, ரிஃபாம்பிசினோடு சேர்ந்தால் இரத்தத்தில் கிளிமிபிரைடின் மொத்த இருப்பு ஏறத்தாழ 34 விழுக்காடு குறைந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த கிளிக்ளசைடு 70 விழுக்காடு வரை குறைந்தது, கிளிபிசைடோ 22 விழுக்காடுதான் குறைந்தது. ஒரே குடும்பத்து மருந்துகளுக்குள் இவ்வளவு வேறுபாடு இருப்பதால், சர்க்கரை மாத்திரையும் காசநோய் மாத்திரையும் சேருமா என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை, எந்த மாத்திரை என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். உங்கள் அம்மா எடுக்கும் மெட்ஃபார்மின் கல்லீரலில் சிதைவதே இல்லை. அது சிறுநீரகம் வழியே மாறாமல் வெளியேறுவதால், இந்த நொதிப் பெருக்கம் அதைத் தொடுவதில்லை.

இனி, ரிஃபாம்பிசின் நிற்கும்போது என்ன நடக்கும் என்று பாருங்கள். பெருகிய நொதிகள் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். அதே வேளையில், சர்க்கரையை ஏற்றிக்கொண்டிருந்த நோய்த்தொற்றும் அடங்கியிருக்கும். சர்க்கரை ஏறியதற்கு இருந்த இரண்டு காரணங்களும் விலகிவிட, அவற்றுக்காகக் கூட்டிய மூன்று மில்லிகிராம் மட்டும் அப்படியே தொடர்ந்தால், சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். ஒரு மருந்தைத் தொடங்கும்போது எல்லோரும் விழிப்பாக இருக்கிறோம், நிறுத்தும்போது யாரும் கேட்பதில்லை. பாளையங்கோட்டையில் மருந்துக் கடையில் நின்ற என் அனுபவத்தில், மருந்துச் சீட்டிலிருந்து ஒரு பெயர் மறைந்துவிட்டதை யாரும் ஒரு செய்தியாகவே கருதுவதில்லை. மருந்து முடியும் நாளுக்கு முன்பே சர்க்கரை மருத்துவரைப் பார்த்து, 'ரிஃபாம்பிசின் நிற்கிறது, கிளிமிபிரைடை எப்போது, எவ்வளவு குறைக்க வேண்டும்' என்று நேராகக் கேளுங்கள். நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

பரிசோதனை நிலையத்தார் சொன்னதும் உண்மைதான். இரத்தத்தில் கிளிமிபிரைடு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் வசதி ஆய்வு நிறுவனங்களில்தான் இருக்கும், நம் ஊர் நிலையங்களில் இராது. ஆனாலும் சர்க்கரை நோய் மருந்துகளில் நமக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. மருந்தின் அளவை அளக்க முடியாவிட்டாலும், மருந்து செய்யும் வேலையை விரல்நுனியில் ஒரு சொட்டு இரத்தத்தை எடுத்து வீட்டிலேயே அளந்துவிடலாம். வேறு பல நோய்களின் மருந்துகளுக்கு இது வாய்ப்பதில்லை.

மருந்தியல் முதுநிலை மாணவி

யார், எங்கே சோதிக்கிறார்கள் என்ற கேள்விக்கு, நான் படித்து வரும் துறை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு புதிய மருந்து சந்தைக்கு வருமுன் சோதனை முதலில் கண்ணாடிக் குழாயில் நடக்கிறது. மனிதக் கல்லீரல் செல்களிலிருந்து பிரித்தெடுத்த நுண்துகள்களில் மருந்தைச் சேர்த்து, எந்த நொதி அதைச் சிதைக்கிறது, அந்த மருந்து எந்த நொதியைத் தடுக்கிறது என்று பார்க்கிறார்கள். அங்கே ஐயம் எழுந்தால் மனிதர்களிடம் சோதனை நடக்கிறது. நலமாக உள்ள தன்னார்வலர்கள் சிலருக்கு முதலில் ஒரு மருந்தைத் தனியாகவும், இடைவெளி விட்டு மற்றொரு மருந்தோடு சேர்த்தும் கொடுத்து, பல மணி நேரம் அடுத்தடுத்து இரத்தம் எடுத்து, மருந்தின் மொத்த இருப்பைக் கணக்கிடுகிறார்கள். இரண்டு கணக்குகளுக்கும் இடையிலான விகிதம் 80-க்கும் 125 விழுக்காட்டுக்கும் நடுவில் விழுந்தால் பொருட்படுத்தத்தக்க பாதிப்பு இல்லை என்று கொள்வது வழக்கம். இருப்பு ஐந்து மடங்கோ அதற்கு மேலோ கூடினால், அப்படிக் கூட்டிய மருந்தை 'வலுவான தடுப்பி' என்று வகைப்படுத்துகிறார்கள். இந்த நெறிமுறைகளை நாடுகளுக்கிடையே ஒருமைப்படுத்தும் 'ஐசிஎச் எம்12' ஆவணம் 2024-ஆம் ஆண்டு மே மாதம் இறுதி செய்யப்பட்டது. சர்க்கரையைத் தாழ்த்தும் மருந்தை நலமான ஒருவருக்குக் கொடுப்பதே அபாயம் என்பதால், இத்தகைய சோதனைகளில் உணவையும் குளுக்கோஸையும் ஆயத்தமாக வைத்துக்கொண்டு, இரத்தச் சர்க்கரையையும் இடையிடையே பார்ப்பார்கள்.

இத்துறையில் என்னை ஈர்த்த செய்தி ஒன்று உண்டு. பிற மருந்துகளின் தன்மையை அறிவதற்கான அளவுகோலாகவே சர்க்கரை நோய் மருந்துகள் சில பயன்படுகின்றன. சிஒய்பி 2சி9 என்ற கல்லீரல் நொதி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறியப் பழைய டால்புட்டமைடைக் கொடுத்துப் பார்ப்பார்கள். சிஒய்பி 2சி8 நொதிக்கு ரெபாகிளினைடு, சிறுநீரகக் குழாய்களின் கடத்திப் புரதங்களுக்கு மெட்ஃபார்மின். டால்புட்டமைடும் கிளிமிபிரைடும் சேர்ந்த சல்ஃபோனைல்யூரியா என்ற குடும்பம் பிறந்ததே இவ்வாறான எதிர்பாராத விளைவு ஒன்றால்தான். 1942-இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் டைபாய்டு நோயாளிகளுக்குப் புதிய சல்ஃபா மருந்து ஒன்றைக் கொடுத்தபோது, சிலருக்குச் சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோனதை மார்செல் ழான்போன் கவனித்தார். அதன் காரணத்தை ஓகுஸ்த் லுபாத்தியேர் ஆராய்ந்தார். இன்றும் கோட்ரைமாக்சசோல் போன்ற சல்ஃபா மருந்தை இந்தக் குடும்பத்து மாத்திரையோடு முதியவருக்குத் தரும்போது சர்க்கரை தாழக்கூடும் என்று எச்சரிப்பதை, அந்தப் பழைய கதையின் தொடர்ச்சி என்றே நான் படிக்கிறேன்.

இந்தச் சோதனைகளின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். இவை பெரும்பாலும் இரண்டிரண்டு மருந்துகளாக, நலமான இளையோரிடம், குறுகிய காலத்துக்கு நடப்பவை. ரெபாகிளினைடு இதற்கு அச்சமூட்டும் எடுத்துக்காட்டு. பூஞ்சை மருந்தான இட்ராகோனசோல் அதன் இருப்பை 1.4 மடங்கே கூட்டியது. கொழுப்பைக் குறைக்கும் ஜெம்ஃபைப்ரோசில் 8 மடங்கு கூட்டியது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது 19 மடங்கு கூடியது. இது 2003-இல் வெளிவந்த பின்லாந்து ஆய்வு. இட்ராகோனசோலை மட்டும் சோதித்து 'சிறிய பாதிப்பு' என்று எழுதி வைத்திருந்தால், ஜெம்ஃபைப்ரோசிலும் எடுக்கும் நோயாளி அந்தச் சொல்லை நம்பியிருப்பார். நம் வீட்டு முதியவர்கள் பலர் ஐந்தாறு மருந்துகள் எடுக்கிறார்கள். அந்தச் சேர்க்கை எந்த ஆய்வுக்கூடத்திலும் அதே வடிவில் சோதிக்கப்பட்டிருக்காது.

எலிகளிலும் முயல்களிலும் இத்தகைய ஆய்வுகளை நம் மருந்தியல் கல்லூரிகளில் ஏராளமாகச் செய்கிறோம். வழிமுறையைப் பயில அவை நன்று. ஆனால் எலியின் நொதிகள் வேறு, நம் நொதிகள் வேறு. அந்த முடிவைக் கொண்டு ஒருவரின் மாத்திரையை மாற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தென்காசிச் சாரல்

இவ்வளவு சிரமம் எதற்கு? மருந்துகளின் பெயர்களை உள்ளிட்டால் பாதிப்பு உண்டா இல்லையா என்று சொல்லும் செயலிகள் கைப்பேசியிலேயே இருக்கின்றனவே. என் தந்தையின் மருந்துகளை உள்ளிட்டேன், திரை முழுவதும் சிவப்பாக எச்சரிக்கைகள் வந்தன. உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

வள்ளியூர் மருத்துவர்

எதையும் நிறுத்த வேண்டாம், ஐயா. செயலி ஒரு தொடக்கம் மட்டுமே. சர்க்கரை மாத்திரையோடு இரத்தக் கொதிப்பு மாத்திரை எதைச் சேர்த்தாலும் அது ஏதேனும் ஓர் எச்சரிக்கையைக் காட்டும். அதில் பெரும்பகுதி 'சர்க்கரையைக் கவனித்துக்கொள்க' என்ற அளவில் உள்ளது. மாத்திரையை மாற்ற வேண்டிய அளவுக்குக் கடுமையானவை சிலவே. நீங்கள் உள்ளிடாத மருந்தை அது அறியாது என்பது அதைவிடப் பெரிய குறை. மூட்டு வலிக்கு எங்கோ போட்டுக்கொண்ட ஊசி, இருமலுக்குக் கடையில் வாங்கி விழுங்கிய மாத்திரை ஆகியவை பட்டியலில் வருவதே இல்லை. அந்த ஊசி டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டாக இருந்தால், சில நாள்களுக்குச் சர்க்கரை, குறிப்பாகப் பகலிலும் மாலையிலும், கடுமையாக ஏறும். காலை வெறும் வயிற்றில் மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாமலே போகக்கூடும்.

ஒரு சேர்க்கையைப் பார்த்ததும் நான் எனக்குள் கேட்டுக்கொள்பவை மூன்றுதான்: புதிய மருந்து சர்க்கரையை எந்தப் பக்கம் தள்ளும், எவ்வளவு விரைவில் தள்ளும், நிறுத்திய பின் எத்தனை நாள் நீடிக்கும். ஃப்ளூகோனசோலை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை நோயுள்ள பெண்களுக்குப் பூஞ்சைத் தொற்று அடிக்கடி வருவதால், நான் மிகுதியாகக் காணும் சேர்க்கை இது. கிளிமிபிரைடைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கிறது. தன்னார்வலர் ஆய்வில் கிளிமிபிரைடின் இருப்பு ஏறத்தாழ 2.4 மடங்கானது. நொதியைத் தடுக்கும் மருந்து வேலை காட்ட வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை, முதல் ஓரிரு நாள்களிலேயே சர்க்கரை தாழலாம். ஃப்ளூகோனசோலில் பாதி உடலை விட்டு நீங்கவே 30 மணி நேரம் ஆகும் என்பதால், கடைசி மாத்திரைக்குப் பிறகும் சில நாள்களுக்கு விளைவு தொடரும். ரிஃபாம்பிசினில் நடப்பது வேறு. நொதிகள் புதிதாக உருவாக வேண்டியிருப்பதால் விளைவு மெதுவாக ஏறும், மெதுவாகவே இறங்கும். ஆகவே சோதிக்க வேண்டிய நாள்களும் மருந்துக்கு மருந்து மாறும்.

வீட்டில் சோதிக்கும் முறை இது. புதிய மருந்து தொடங்குவதற்கு முன்பே ஒன்றிரண்டு நாள் வழக்கமான உணவோடு சர்க்கரையைப் பார்த்து எழுதி வையுங்கள். ஒப்பிடுவதற்கு முந்தைய எண் இல்லாவிட்டால் பிந்தைய எண்ணால் பயனில்லை. பிறகு காலை வெறும் வயிற்றில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, இரவு படுக்குமுன் என்று பாருங்கள். சர்க்கரை தாழும் வாய்ப்புள்ள சேர்க்கை என்றால் முதல் சில இரவுகளில் மூன்று மணிவாக்கில் ஒருமுறை எழுந்தும் பாருங்கள். அந்த நாள்களில் உணவையும் நடையையும் மாற்றாதீர்கள். மாற்றினால் எது மருந்தின் வேலை, எது சாப்பாட்டின் வேலை என்று பிரிக்க முடியாது. கருவிக்கும் ஒரு வரம்பு உண்டு. பன்னாட்டுத் தரத்தின்படி, 100-க்குக் கீழான அளவில் 15 மில்லிகிராம் வரையும் அதற்கு மேல் 15 விழுக்காடு வரையும் வேறுபாடு ஏற்கத்தக்கது. ஆகவே பத்துப் புள்ளி கூடியதையோ குறைந்ததையோ மருந்துகளின் பாதிப்பு என்று கொள்ளாதீர்கள். பல நாள் எண்கள் ஒரே திசையில் நகர்ந்தால்தான் பொருள் உண்டு. 70-க்குக் கீழே ஒருமுறை போனாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். 54-க்குக் கீழே போனால் அன்றே சொல்லுங்கள்.

மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி சோதனை இதற்குப் பயன்படாது. இரண்டு வாரத்தில் வந்து மறையும் மாற்றத்தை அது காட்டாது. தொழுநோய்க்கும் சில தோல் நோய்களுக்கும் தரும் டாப்சோன், சிவப்பணுக்களின் ஆயுளைக் குறைப்பதால், அந்தச் சராசரியையே பொய்யாகத் தாழ்த்திக் காட்டும். மருந்து சர்க்கரையை மாற்றாமல், சர்க்கரையை அளக்கும் சோதனையை மாற்றும் வகை இது.

அம்பை வாசகி

மருத்துவர் ஐயாவுக்கு வணக்கம். என் கணவருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, இரத்தம் உறையாமலிருக்கக் கிளோபிடோக்ரெல் தருகிறார்கள். சர்க்கரைக்கு ரெபாகிளினைடு சாப்பிடுகிறார். படபடப்பைக் குறைக்க ப்ரொப்ரனலாலும் உண்டு. மேலே ரெபாகிளினைடைப் பற்றிப் படித்ததும் அச்சமாக இருக்கிறது. இவற்றுள் எதையேனும் நிறுத்த வேண்டுமா?

வள்ளியூர் மருத்துவர்

அம்மா, கிளோபிடோக்ரெலை எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது. ஸ்டென்டில் இரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து. மாற்ற வேண்டி வந்தால், மாற்றத்தக்கது சர்க்கரை மாத்திரைதான்.

நீங்கள் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. கிளோபிடோக்ரெல் உடலில் மாறி உருவாகும் ஒரு சேர்மம், ரெபாகிளினைடைச் சிதைக்கும் 2சி8 நொதியைத் தடுக்கிறது. 2014-இல் வெளியான ஆய்வில், முதல் நாள் 300 மில்லிகிராம் கொடுத்தபோது ரெபாகிளினைடின் இருப்பு 5.1 மடங்காகவும், அடுத்த நாள்களில் 75 மில்லிகிராம் கொடுத்தபோது 3.9 மடங்காகவும் உயர்ந்தது. இரண்டும் சேரும்போது ரெபாகிளினைடு ஒரு நாளுக்கு 4 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் குறிப்பேடு சொல்கிறது. கிளோபிடோக்ரெல் பல ஆண்டுகளாக உலகெங்கும் புழக்கத்தில் இருந்த பின்னரே இது தெரியவந்தது என்பதையும் கவனியுங்கள். பழைய மருந்து என்பதால் எல்லாம் சோதித்து முடிந்துவிட்டது என்று எண்ண முடியாது.

ப்ரொப்ரனலாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் அது மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. உங்கள் கணவருக்குக் காரணமின்றிச் சட்டை நனையும்படி வியர்த்தால், வெயில் என்று விட்டுவிடாமல் உடனே சர்க்கரையைப் பாருங்கள். அதுவரையுள்ள எண்களை எழுதி எடுத்துக்கொண்டு, இந்த வாரமே இதய மருத்துவரையும் சர்க்கரை மருத்துவரையும் பாருங்கள்.

மூலிகை முற்றம்

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவம் செய்பவன் என்ற முறையில், ஆச்சியின் சிறுகுறிஞ்சான் பொடியைப் பற்றிச் சொல்கிறேன்.

சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால் சற்று நேரம் மணலைப் போல் இருக்கும் என்பதை நம் பக்கத்தில் பலரும் அறிவார்கள். நாவின் சுவை வாங்கிகளைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது. இரத்தச் சர்க்கரையைக் குறைக்கவும் அது நம் மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. சர்க்கரையைக் குறைக்கும் என்று நம்பித்தானே தருகிறோம்? அப்படியானால், சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோடு சேரும்போது கூடுதலாகக் குறைக்கக்கூடும் என்பதையும் நாம் ஏற்கத்தான் வேண்டும். குணம் உண்டு என்று சொல்லிக்கொண்டே, மாத்திரையோடு எந்தத் தொடர்பும் இல்லை என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை.

பாகற்காய்க்கு ஒரு பழைய பதிவு இருக்கிறது. பிரிட்டனில் வாழ்ந்த தெற்காசியப் பெண் ஒருவர் குளோர்புரோபமைடு என்ற சர்க்கரை மாத்திரையோடு கறியில் பாகற்காயும் சேர்த்து வந்தபோது, சிறுநீரில் சர்க்கரை எதிர்பார்த்ததைவிடக் குறைந்ததை 1979-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. ஒரே ஒருவரைப் பற்றிய பதிவு என்பதால் அதைக் கொண்டு விதி வகுக்க முடியாது, ஆனால் ஒதுக்கவும் முடியாது.

பாளை மருந்தாளுநர்

வைத்தியர் ஐயாவின் நேர்மையை மதிக்கிறேன். ஆயினும் முடிவில் வேறுபடுகிறேன். புதிய மாத்திரைக்கு மேலே மாணவித் தங்கை எழுதிய வரிசையான சோதனைகள் நடக்கின்றன. வீட்டில் இடித்த பொடிக்கு அவை நடப்பதில்லை. இன்று ஒரு தேக்கரண்டி, நாளை இரண்டு, அடுத்த பருவத்தில் வேறு இடத்து இலை என்று மாறும் ஒன்றை மாத்திரையோடு சேர்த்தால், நாம் குறித்து வைக்கும் எண்களுக்கே பொருள் போய்விடும். ஆகவே மாத்திரை எடுப்பவர் பொடியை விட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்து.

பெயரற்ற பொட்டலத்தில் விற்பனைக்கு வரும் பொடிகளை எண்ணினால் அச்சம் இன்னும் கூடுகிறது. 2008-இல் சிங்கப்பூரில், சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் சர்க்கரை மிகவும் தாழ்ந்து மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் நால்வர் இறந்தனர். பாலியல் வலிமைக்கென்று கள்ளத்தனமாக விற்ற மாத்திரைகளிலும் மூலிகைத் தயாரிப்புகளிலும் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை நோய் மருந்து கலந்திருந்ததே காரணம். 'மூலிகை' என்று எழுதிய பொட்டலத்தில் நம் நோயாளி ஏற்கெனவே விழுங்கும் மாத்திரையே இன்னொரு பங்கு இருக்கலாம் என்றால், எந்தச் செயலியால் அதைக் கண்டறிய முடியும்?

மூலிகை முற்றம்

கலப்படத்தைப் பற்றி எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 'விட்டுவிடுங்கள்' என்று அதட்டினால் நோயாளி பொடியை விடுவதில்லை, உங்களிடம் சொல்வதைத்தான் விடுகிறார். மெட்ஃபார்மினைத் தரும் மருத்துவரிடம் சூரணத்தை மறைக்கிறார், என்னிடம் வந்தால் மெட்ஃபார்மினை மறைக்கிறார். அலோபதி மருத்துவமனையும் சித்த மருத்துவமனையும் ஒரே பாளையங்கோட்டையில் இருந்தும் இரண்டு சீட்டுகளையும் சேர்த்துப் பார்த்தவர் யாரும் இல்லை என்ற நிலை உருவாவது அப்படித்தான். எனவே எதை எடுத்தாலும் இருவரிடமும் சொல்லச் சொல்கிறேன். உரிமம் பெற்ற தயாரிப்பை, ஒரே அளவில், ஒரே வேளையில் எடுக்கச் சொல்கிறேன். தொடங்கும் நாளையும் நிறுத்தும் நாளையும் எழுதி வைக்கச் சொல்கிறேன். ஆலங்குளத்துத் தம்பியின் அம்மாவைப் பொறுத்தவரை நான் உங்கள் பக்கமே நிற்கிறேன்: ரிஃபாம்பிசின் நிற்கும் இந்த வாரங்களில் பொடி வேண்டாம். ஆச்சியிடம் நயமாக எடுத்துச் சொல்லுங்கள். அவர் மனம் புண்பட வேண்டியதில்லை.

மருந்தியல் முதுநிலை மாணவி

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே சேர்க்கை ஒருவருக்கு ஒன்றும் செய்யாமல் இன்னொருவரைப் படுக்கையில் தள்ளுவதற்கு மரபணுவும் ஒரு காரணம். சிஒய்பி 2சி9 நொதியின் மரபணுவில் சிலருக்கு மெதுவாக வேலை செய்யும் வடிவம் இருக்கிறது. தமிழ்நாட்டு மக்களிடையே இந்த வடிவங்கள் எவ்வளவு பரவியுள்ளன என்பதைப் புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். அந்த வடிவம் உள்ளவருக்குக் கிளிமிபிரைடு ஏற்கெனவே மெதுவாகத்தான் சிதையும். முதுமையும் சிறுநீரகத் தளர்ச்சியும் சேர்ந்தால் வேறுபாடு மேலும் பெரிதாகும். 'என் மாமாவும் இதே இரண்டு மாத்திரைகளைத்தான் சாப்பிட்டார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை' என்ற பேச்சை நான் ஏற்காதது இதனால்தான்.

தென்காசிச் சாரல்

என் தந்தைக்குச் சிறுநீர்த் தொற்றுக்கு லெவோஃப்ளாக்சசின் எழுதியிருக்கிறார்கள். செயலி அதையும் சிவப்பில் காட்டுகிறது. இது வெறும் எச்சரிக்கையா, கடுமையானதா?

வள்ளியூர் மருத்துவர்

பொருட்படுத்த வேண்டியது. அது கல்லீரல் நொதி வழியாக வருவதன்று. அந்த மருந்துக் குடும்பமே கணையத்திலிருந்து இன்சுலின் சுரப்பதைத் தூண்டக்கூடியது, சிலருக்குச் சர்க்கரையை ஏற்றவும் செய்யும். அதே குடும்பத்துக் கேட்டிஃப்ளாக்சசினை, சர்க்கரையைக் கண்டபடி ஏற்றி இறக்கியதால் 2006-இல் அமெரிக்காவில் தயாரிப்பாளரே விலக்கிக்கொண்டார்கள். 2011-இல் இந்திய அரசு அதை மாத்திரையாகவும் ஊசியாகவும் தருவதைத் தடை செய்தது. எஞ்சிய மருந்துகளுக்கான எச்சரிக்கையை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் வலுப்படுத்தியது. உங்கள் தந்தை முதியவர், அதோடு கிளிமிபிரைடு போன்றதை எடுப்பவர் என்றால், எழுதிய மருத்துவரிடமே வேறு மருந்து பொருந்துமா என்று கேளுங்கள். அதுதான் வேண்டும் என்று அவர் முடிவெடுத்தால், அந்த நாள்களில் ஒரு வேளையும் பட்டினி கிடக்க விடாதீர்கள்.

பாளை மருந்தாளுநர்

இவ்வாறு ஐயத்துக்குரிய விளைவு நேர்ந்தால் அரசுக்குத் தெரிவிக்கவும் வழி உண்டு. 2010-இல் தொடங்கிய இந்திய மருந்து விழிப்புணர்வுத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. மருத்துவர் மட்டுமல்லாமல் நோயாளியும் வீட்டாரும்கூடத் தெரிவிக்கலாம். எல்லா மருந்துகளின் பெயரும், தொடங்கிய, நிறுத்திய நாள்களும், சர்க்கரை அளவும், மூலிகை உட்பட வேறு எதை எடுத்தார் என்பதும் கையில் இருந்தால்தான் அந்தப் பதிவு பயன்படும். ஒவ்வொரு சேர்க்கையையும் ஆய்வுக்கூடத்தில் சோதிக்க முடியாது என்றான பிறகு, அடுத்த நோயாளியைக் காப்பதற்கு நம்மிடம் இருப்பது இப்படிச் சேரும் பதிவுகள்தான்.

ஆலங்குளத்து மகன்

அண்ணாச்சி, மருத்துவர் ஐயா, அனைவருக்கும் நன்றி. மருத்துவரைப் பார்த்துவிட்டோம். கிளிமிபிரைடைக் குறைக்கும் நாளைக் குறித்துக் கொடுத்திருக்கிறார். பொடியை நிறுத்தியாயிற்று. கடைசியாக ஒரு கேள்வி. சர்க்கரை தாழ்ந்துவிட்டால் அம்மாவுக்குக் கருப்பட்டித் தண்ணீர் கொடுக்கலாமா? வீட்டில் எப்போதும் இருப்பது அதுதான்.

வள்ளியூர் மருத்துவர்

உங்கள் அம்மாவுக்குக் கொடுக்கலாம், குளுக்கோஸ் பொடி இருந்தால் இன்னும் விரைவு. ஆனால் சாப்பாட்டோடு வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் எடுப்பவர்களுக்குக் கருப்பட்டியும் சீனியும் உதவாது. குடலில் அவற்றை உடைக்கும் நொதியைத்தான் அந்த மாத்திரைகள் தடுக்கின்றன. அவர்களுக்குக் குளுக்கோஸே வேண்டும். கொடுக்க வேண்டிய அளவு 15 கிராம். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்து, 70-க்குக் கீழேயே இருந்தால் அதே அளவை மறுபடியும் கொடுங்கள். கிளிமிபிரைடின் வேலை நெடுநேரம் நீடிப்பதால் ஏறிய சர்க்கரை மீண்டும் தாழலாம். எனவே ஏறியவுடன் இட்லியோ சோறோ சாப்பிட வைத்து, மறுநாள் வரை இடையிடையே பார்த்துக்கொண்டே இருங்கள். நினைவு தவறியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். வருபவர்களிடம் அவர் கிளிமிபிரைடு எடுப்பவர் என்பதையும், ரிஃபாம்பிசின் எந்த நாளில் நின்றது என்பதையும் மறவாமல் சொல்லுங்கள்.